வன்னி யானையும் உடையவர் பொறுப்பும்

ஒல்லாந்தர் காலத்தில் வன்னித் தலைவர்கள் யாழ்ப்பாணத்துக்குச் செலுத்திய திறை யானைகளாகவே அமைந்தது. பனங்காமம், முள்ளியவளை முதலிய பற்றுக்களிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டை அடைந்து, ஆங்கு இந்திய வணிகர்க்கு விற்கப்பட்டன. காட்டில் எவர்க்கும் உரியதல்லாத விலங்கு, பிடித்த மாத்திரத்தே ஒருவர்தம் உடைமையாயிற்று. அவ்வுடைமை கட்டறுத்தோடி ஒருவரைக் கொல்லுமாயின் இழப்பை ஈடுசெய்வார் யாவர்? இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டமாதலின் உரோமர் கண்ட விடையை முதற்கண் நோக்குதல் தகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த பன்னிரு பட்டயச் சட்டத்தின்படி, வீட்டு விலங்கு தீங்கு செய்யின் உடையவர் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் விலங்கையே ஒப்படைத்தல் வேண்டும். காட்டு விலங்குக்கு இவ்விதி பொருந்தவில்லை. தப்பியோடிய கரடி தீங்கு செய்யின் முன்னை உடையவர்மீது வழக்கில்லை. அது ஓடியவுடன் அவர்தம் உரிமையும் ஒழிந்தது என்பது உரோமச் சட்டநூலார் துணிபு. ஆகவே, விலங்கு தப்பியதனாலேயே உடையவரும் பொறுப்பினின்று தப்பினார். மக்கள் நடமாடும் வழியருகே சிங்கம், கரடி முதலியவற்றை வைத்திருத்தலைத் தடுத்து, தீங்குக்குத் தண்டமும் விதித்த நகரதிகாரிகளின் ஆணை இக்குறையை ஓரளவு நிரப்பிற்று.

ஆங்கிலச் சட்டம் வேறு வழியிற் சென்றது. நாயொன்று குரைத்தமையாற் சர்க்கஸ் யானை வெகுண்டு விளைத்த தீங்கு பற்றிய வழக்கில், பழக்கப்பட்ட பர்மிய யானையும் சட்டத்தின்முன் கொடிய விலங்கே என டெவ்லின் நீதியரசர் 1957இல் தீர்த்தார். உடையவர் கவனக்குறைவாய் இருந்தாரா என்ற ஆராய்ச்சி அங்கு வேண்டப்படவில்லை. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமோ, உடைமை நீங்கிய பின்னரும் மற்றொருவர் பொறுப்பேற்கும்வரை முன்னவரே பொறுப்பாளர் என வரையறுத்தது. உரோமக் கரடி தப்பிய வாயில் இவ்வாறு அடைபட்டது.

இலங்கையில், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானை வளர்ப்போர் பதிவும் அனுமதிப்பத்திரமும் பெறுதலை வேண்டுகின்றது. 2021இல் வர்த்தமானியில் வெளிவந்த ஒழுங்குவிதிகள், யானையின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 4 மணித்தியாலமாக வரையறுத்ததோடு, பணியிலுள்ள பாகன் மது அருந்துதலையும் தடுத்தன. விலங்கின் நலம் கருதி எழுந்தனவாயினும் இவை மாந்தர் காப்புக்கும் உதவுவன.

இன்று வன்னியில் காட்டு யானை வயலை அழிக்கும்போது, உழவர் உடையவரெனச் சுட்டுதற்கு ஒருவருமிலர். அரசின் இழப்பீட்டையே அவர் நாடவேண்டியுள்ளது. வளர்ப்பு யானையின் நிலை அத்தகையதன்று. அதனைக் காட்டினின்று பிரித்து மக்களிடையே கொணர்ந்தவர் ஒருவர் உளர். அதனாற் பெருமையும் பயனும் பெறுபவரே அதன் இடரையும் ஏற்றல் வேண்டும் என்பதே சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒத்த முடிபாகும்.