முட்டிவலிக்கு முடக்கத்தான் போதுமா?

சுவாமிமலை முருகனைத் தரிசிக்க அறுபது படி ஏற வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் படிகள் அவை. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பிரபவவில் தொடங்கி அட்சயவை எட்டுவதற்குள் கைப்பிடியே கதியாகிறது. ஊரைச் சுற்றிலும் வயல். நடவும் களையெடுப்பும் குனிந்தே செய்ய வேண்டிய வேலைகள். ஊருக்குள் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, வார்த்தெடுத்த சிலையை உளியும் அரமுமாகத் தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் செதுக்குகிறார்கள். குனிந்தும் குத்தவைத்தும் செய்கிற வேலை மூட்டைத்தான் பதம்பார்க்கிறது.

வலி என்று சொன்னதும் அக்கம்பக்கத்தில் வைத்தியம் கிடைத்துவிடும். “முடக்கத்தான் ரசம் வெச்சுக் குடி”, “நொச்சித்தழையை வதக்கிக் கட்டு”. இவற்றில் எதை, எந்த அளவுக்கு நம்பலாம்?

எந்த மூட்டுவலி?

முதலில் தெரிய வேண்டியது நோயின் பெயர். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு நைந்து போவது மூட்டுத் தேய்மானம். 2019இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

முடக்குவாதம் வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். மூன்றாவது கவுட். ரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து, ஒரே இரவில் கால் பெருவிரலைச் சிவக்க வீங்க வைக்கும்.

சித்த மருத்துவமும் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. தேய்மானத்தை அழல் கீல்வாயு என்றும், முடக்குவாதத்தை உதிரவாத சுரோணிதம் என்றும் பிரித்தே வைத்தியம் செய்கிறது.

இலை, தண்டு, மஞ்சள்

வேலியோரம் படரும் முடக்கத்தானில் வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நோயாளிகளிடம் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் குறைவு. அதனால் இதை உணவாகக் கொள்வதே சரி. ஒரு கைப்பிடி இலையை அரிசியோடு அரைத்துத் தோசை வார்த்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது.

பிரண்டையில் இளந்தண்டாகப் பார்த்து எடுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கணுவையும் நாரையும் நீக்க வேண்டும். அதிலுள்ள ஆக்சலேட் படிகங்கள்தான் கையையும் தொண்டையையும் அரிக்க வைப்பவை. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்துத் துவையலாக அரைத்தால் அரிப்பு அடங்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

மஞ்சளுக்குச் சான்று கொஞ்சம் வலுவாக இருக்கிறது. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு நான்கு வாரங்களில் ஐபுபுரூஃபன் என்ற வலிநிவாரணி அளவுக்கே வலி குறைந்தது. ஆனால் அது செறிவூட்டிய சாறு. அடுப்படி மஞ்சள் தூளில், வேலை செய்யும் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் ரத்தத்தில் கூடுதலாகக் கலப்பதை 1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். குழம்பிலும் பாலிலும் சேர்ப்பதால் கெடுதல் இல்லை. மாத்திரையாக விழுங்குவதென்றால் மருத்துவரைக் கேட்க வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்பட்டதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம்.

நொச்சித்தழை ஒத்தடம் இறுகிய தசையைத் தளர்த்தி இதம் தரும். சிவந்து கொதிக்கும் மூட்டில் சூடு வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும் ஆபத்தும் உண்டு.

சாப்பாடும் எடையும்

முழங்காலுக்கு உணவு செய்யும் பெரிய உதவி எடையைக் குறைப்பது. எடை மிகுந்த நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்றது. காவிரி டெல்டாவில் மூன்று வேளையும் அரிசிதான். அரிசியைக் கைவிட வேண்டியதில்லை. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, பருப்பு, சுண்டல், கீரை, காய்க்கு இடம் விட்டால் போதும். மத்தி போன்ற மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு முடக்குவாத வீக்கத்துக்கு ஓரளவு உதவும். அதே மத்தி கவுட் உள்ளவர்களுக்கு ஆகாது. ஈரல், மது, இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றையும் அவர்கள் ஒதுக்க வேண்டும்.

எடையோடு தொடைத் தசையும் முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து நொடி நிறுத்தி மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினமும். தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும்.

இயற்கையானால் ஆபத்தில்லையா?

முருகனுக்கு உகந்த செங்காந்தளைப் பாருங்கள். வேதாரண்யம் பகுதியில் விளையும் அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின், கவுட் வலிக்கு உலகெங்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து. மில்லிகிராம் அளவில் வலியைத் தீர்க்கும் அதே பொருள், கிழங்கை அரைத்துக் குடித்தால் உயிரையே எடுக்கும். அளவு தெரியாத மூலிகை மருந்தாகாது.

இன்னொரு ஆபத்து, “மூன்றே நாளில் வலி போகும்” என்று விற்கும் பெயரில்லாப் பொடிகள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி மறையும், எலும்பும் சர்க்கரை அளவும் கெடும். முடக்குவாதத்தை இலையும் பொடியுமாக மாதக்கணக்கில் இழுத்தடித்தால் விரல்கள் கோணிவிடும். பிறகு நிமிர்த்த முடியாது. முடக்குவாதத்துக்கு நோயின் வேகத்தையே தடுக்கும் மருந்துகள் ஆரம்பத்திலேயே தேவை.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகாலில் நம் வைத்தியத்தையும் மேலை மருத்துவத்தையும் ஒருசேர வளர்த்தார். கண் நோயாளிகளின் குறிப்புகள் எழுதி வைக்கப்பட்டன. அவர் பெயரால் வழங்கும் சரபேந்திர வைத்திய முறைகளைச் சரஸ்வதி மகால் நூலகம் பின்னர் நூல்களாக வெளியிட்டது. பார்த்ததைப் பதிவு செய்து, பலன் தந்ததைக் கைக்கொண்ட அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

வலி ஆறு வாரம் நீடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ அரசு மருத்துவமனைக்குச் சென்று எந்த வாதம் என்று உறுதி செய்யுங்கள். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. எந்த மருத்துவரைப் பார்த்தாலும், சாப்பிடும் மாத்திரை, தைலம், கஷாயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். முடக்கத்தான் தோசையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.