விண்வெளியில் ஒரு காலி சிம்மாசனம்!



ஜூன், ஜூலை மாதங்களில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? தென்காசியை நெருங்கும்போதே காற்று சில்லென்று அடிக்கும். சாரல் முகத்தில் தெறிக்கும். ஆசை ஆசையாக மெயினருவிக்கு ஓடினால், அங்கே போலீஸ்காரர் வழியை மறித்து நிற்பார். "தண்ணி ஜாஸ்தியா வருது. இப்ப யாரும் குளிக்கக் கூடாது!" மலைமேல் பலத்த மழை பெய்தால், பாதுகாப்பு வளைவையும் தாண்டிக்கொண்டு அருவி கொட்டும். வெள்ளம் குறையும்வரை தடைதான். ஐந்தருவிக்கு ஓடினால் அங்கேயும் அதே கதை.

அறைக்குத் திரும்பி என்ன செய்வது? நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். பிறகு தம்பியோடு சண்டைதான். இந்த மாதிரி நாளுக்கென்றே பிறந்தது போல ஒரு விளையாட்டு இருக்கிறது. ஓர் ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் தெரியுமா? 4 மணி முதல் 8 மணி நேரம்! அடேங்கப்பா என்கிறீர்களா? அதைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அதன் பெயர் 'ட்வைலைட் இம்பீரியம்'. அந்தி மங்கும் நேரத்துப் பேரரசு என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கிறிஸ்டியன் பீட்டர்சன் என்பவர் உருவாக்கி, 1997-ல் முதல் பதிப்பு வந்தது. பிறகு புத்தகம் போலவே பதிப்பு பதிப்பாகத் திருத்தி வெளியிட்டார்கள். நான்காம் பதிப்பு 2017-ல் வந்தது. 2020-ல் அதற்கு ஒரு துணைப் பெட்டியும் வந்தது. பழைய பதிப்பை ஆடியவர்கள் புதியதைத் திறந்து பார்த்தால், 'அட, இதை மாற்றிவிட்டார்களே!' என்று பல இடங்களில் சொல்வார்கள். அந்த மாற்றங்களைச் சொல்வதற்கு முன், கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜா இல்லாத தலைநகரம்

விண்மீன் கூட்டம் முழுவதையும் லாசாக்ஸ் என்ற இனத்தார் ஆண்டு வந்தார்கள். அவர்களுடைய தலைநகரம் நட்ட நடுவில் இருக்கும் மெகடால் ரெக்ஸ் என்ற கிரகம். ஒரு நாள் பெரிய போர் மூண்டது. பேரரசு நொறுங்கியது. லாசாக்ஸ்காரர்கள் அழிந்தார்கள். சிம்மாசனம் காலியானது. ஆனால், தலைநகரத்தை அப்படியே விட்டுவிடாமல் சில காவலர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பேரரசர் வரும்வரை அவர்கள்தான் பொறுப்பு. இந்தக் காவலர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிறகு வேலை இருக்கிறது.

ஆட்டம் இங்கேதான் ஆரம்பமாகிறது. 3 பேர் முதல் 6 பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஓர் இனத்துக்குத் தலைவர். முதலில் 10 புள்ளி எடுப்பவருக்கே சிம்மாசனம்.

பலகை கிடையாது. அறுகோண அட்டைகளை அடுக்கி நாமேதான் வானத்தை உண்டாக்க வேண்டும். நடுவில் மெகடால் ரெக்ஸ். அதைச் சுற்றி 6 அட்டை, அடுத்த சுற்றில் 12, அதற்கும் வெளியே 18. மொத்தம் 37. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வானம்! ஏன் அறுகோணம்? சதுரக் கட்டமாக இருந்தால் நேராகப் போவதற்கும் மூலைவாட்டில் போவதற்கும் தூரம் மாறும். அறுகோணத்தில் பக்கத்து வீடுகள் ஆறும் ஒரே தூரம். தேனீக்கள் கூட்டை அப்படித்தான் கட்டுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். ஆறு பேர் ஆடினால், வெளிச்சுற்றின் ஆறு மூலைகளிலும் ஒவ்வொருவர் வீடு. எல்லாருக்கும் நடுவுக்குப் போக மூன்றே எட்டு.

யாரும் சமம் இல்லை!

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால்தான் அது அவ்வளவு சுவாரசியம், இல்லையா? இந்த விளையாட்டில் 17 இனங்கள் இருக்கின்றன. பதினேழும் பதினேழு விதம். மூன்றாம் பதிப்பில் முதலில் 10 இனங்கள்தான். மிச்சம் ஏழையும் துணைப் பெட்டிகள் வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. நான்காம் பதிப்பில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன.

ஜோல்-நார் என்று ஓர் இனம். தண்ணீரில் வாழும் விஞ்ஞானிகள். புதுப்புதுக் கண்டுபிடிப்புகளில் புலி. சண்டையில் எலி! பகடையில் எந்த எண் விழுந்தாலும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஹகான் இனத்தார் சிங்க முகக்காரர்கள். முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர்கள் வியாபாரிகள். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு மட்டும்தான் வியாபாரம் செய்யலாம். ஹகான் மட்டும் வானத்தின் அந்த மூலையில் இருப்பவரோடும் செய்யலாம்.

வியாபாரம் என்றதும் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய பதிப்பில் வியாபாரம் கொஞ்சம் சுற்றி வளைத்த சமாச்சாரம். நான்காம் பதிப்பில் அழகாக மாற்றினார்கள். உங்கள் நாட்டில் விளைந்த சரக்கு உங்கள் கையில் இருக்கும்வரை செல்லாக்காசு! அதை வைத்து ஒரு கப்பல்கூடக் கட்ட முடியாது. இன்னொருவரிடம் கொடுத்தால், அவர் கைக்குப் போன கணமே அது பணமாகிவிடும். அவர் தன் சரக்கை உங்களிடம் கொடுத்தால் உங்களுக்கும் பணம். ஆக, பக்கத்தில் இருப்பவரோடு பகைத்துக்கொண்டு கதவைச் சாத்தினால், மூட்டை மூட்டையாக சரக்கு இருந்தும் பட்டினிதான். 'அவன் கப்பல் என் எல்லையில் நிற்கிறது, சுடலாமா, வியாபாரம் பேசலாமா?' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

சண்டை இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. பத்து முகப் பகடை உருட்டுவார்கள். குட்டிப் போர் விமானம் அடிக்க 9 அல்லது 10 விழ வேண்டும். 'போர்ச் சூரியன்' என்று ஒரு பயங்கரக் கப்பல் உண்டு. அதற்கு மூன்று பகடை, 3 விழுந்தாலே அடிதான். ஆனால், இதைக் கட்டிவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போவார்கள். ஏனென்றால், கப்பலை உடைத்தால் மட்டும் புள்ளி வராது.

பிறகு எப்படித்தான் புள்ளி வரும்? மேஜை நடுவில் சீட்டுகள் திறந்து கிடக்கும். அதில் எழுதியதைச் செய்தால் புள்ளி. உன் வீட்டுக்கு வெளியே 6 கிரகங்களைப் பிடி என்று ஒரு சீட்டு இருக்கும். கண்டுபிடிப்புகளைப் பெருக்கு என்று இன்னொன்று. 'நினைவுச் சின்னம் எழுப்பு' என்றும் ஒரு சீட்டு உண்டு. 8 அளவு வளத்தைச் செலவழிக்க வேண்டும். கப்பல் வராது, படை வராது, கையில் ஒன்றுமே மிஞ்சாது. ஒரே ஒரு புள்ளி மட்டும். சுற்றிலும் எதிரிகள் நிற்கும்போது இப்படிச் செலவழிக்க துணிச்சல் வேண்டும்.

தென்காசியில் நடந்த ஆட்டம்

இந்தச் சீட்டைப் பார்த்ததும் தென்காசிக்காரர்களுக்கு ஒருவர் ஞாபகம் வரவேண்டும். பராக்கிரம பாண்டியன்!

பாண்டியர் தலைநகரம் மதுரை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த மதுரையில் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற சகோதரர்கள் சிம்மாசனத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, 1311-ல் டில்லி படைத் தளபதி மாலிக் காபூர் மதுரை மேல் படையெடுத்து வந்தார். பிறகு மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. 1370-களில் விஜயநகரத்துக் குமார கம்பணர் வந்து அவர்களை வென்றார். ஆனால், மதுரை பாண்டியர் கைக்கு முழுசாகத் திரும்பவே இல்லை. அவர்கள் தெற்கே நகர்ந்து நகர்ந்து தென்காசிக்கு வந்து சேர்ந்தார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே மலை, ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் வேணாடு. வடக்கே எட்டாத தூரத்தில் மதுரை. அசல், அறுகோண வானத்தின் மூலை வீடு!

இந்த மூலையில் 1422 முதல் 1463 வரை ஆண்டவர் பராக்கிரம பாண்டியன். அவர் 1446-ல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி. ஊருக்குத் 'தென்காசி' என்ற பெயர் அதனால்தான். கோபுர வேலையும் ஆரம்பமானது. ஆனால், முடிவதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. தம்பி குலசேகர பாண்டியன் மிச்ச வேலையை முடித்தார்.

கோயில் கட்டிய ராஜாக்கள் எத்தனையோ பேர். 'நான் இன்னாரை வென்றேன், இன்ன ஊரைப் பிடித்தேன்' என்று கல்லில் வெட்டுவார்கள். பராக்கிரம பாண்டியன் வெட்டி வைத்த பாடல்களில் ஒன்று வேறு மாதிரி. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது கேடு வந்தால், அப்போது வந்து அதைச் சரி செய்து காப்பாற்றுபவர் யாராக இருந்தாலும், அவரை உலகம் அறிய நான் பணிகிறேன் என்று அதில் சொல்கிறார். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவரை வணங்குகிறார்! மதுரை கைவிட்டுப் போனதைக் கேட்டு வளர்ந்தவர் அல்லவா? எதுவும் நிரந்தரமாக நம் கையில் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் பயந்தது நடந்தது. பின்னாளில் அந்தக் கோபுரம் சிதைந்து, பிளந்து, வெகு காலம் மொட்டையாக நின்றது. உங்கள் தாத்தா, பாட்டி தென்காசிப் பக்கத்துக்காரர்களாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தக் கோலத்தைப் பார்த்திருப்பார்கள். இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலை ராஜகோபுரம் 1990-ல் எழும்பியது. கோபுரத்துக்கும் ஒரு 'புதிய பதிப்பு'! அந்த வேலையில் கல் சுமந்தவர், சுதை பூசியவர், பணம் கொடுத்தவர் எல்லாருமே ராஜா முன்கூட்டியே வணங்கி வைத்த ஆட்கள்தான்.

மெகடால் ரெக்ஸ் காவலர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! விளையாட்டில் அந்தக் கிரகத்துக்கு வளம் வெறும் 1. செல்வாக்கு 6. அங்கே விளைவது கொஞ்சம்; மரியாதைதான் பெரிசு. காவலர்களைத் துப்பாக்கியால் விரட்ட முடியாது. 6 அளவு செல்வாக்கைச் செலவழித்தால்தான் வழிவிடுவார்கள். முதலில் அதைச் செய்பவருக்கு ஒரு புள்ளி. அதற்குப் பிறகே சபை கூடும். சட்டங்கள் வாக்கெடுப்புக்கு வரும். பழைய பதிப்பில் முதலிலிருந்தே சட்டம், வாக்கு என்று இழுத்தது. யாராவது தலைநகரத்தில் கால் வைத்த பிறகு சபை என்று ஆக்கியது நல்ல மாற்றம் என்பது என் கட்சி.

குறையும் இருக்கிறது. விலை பல ஆயிரம் ரூபாய். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, இரண்டாவது மணி நேரத்திலேயே பின்தங்கிவிட்டவர் மிச்ச நேரம் முழுக்க உம்மென்று உட்கார்ந்திருக்க வேண்டும். தாயத்தில் வெட்டுப்பட்டால் அடுத்த நிமிடமே தாயம் போட்டு எழுந்துவிடலாம். அந்தச் சுகம் இதில் கிடையாது.

அதனால் என்ன? பெட்டி இல்லாமலே அந்த வியாபார விதியை மட்டும் நம் தாயத்தில் சேர்த்துப் பார்க்கலாம். நாலு பேர் உட்காருங்கள். ஒருவருக்கு நாலு புளியங்கொட்டை, ஒருவருக்கு நாலு சோழி, ஒருவருக்கு நாலு பொத்தான், ஒருவருக்கு நாலு கூழாங்கல். உங்கள் பொருள் உங்கள் கையில் செல்லாது. அடுத்தவர் பொருள் உங்கள் கையில் இருந்தால் அது காசு. உங்கள் முறை வரும்போது யாராவது ஒருவரோடு பேரம் பேசி ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் அவர் மறுக்கலாம். இரண்டு காசை நடுக்கட்டத்தில் வைத்தால் தாயக்கட்டையை மறுபடி ஒரு தரம் உருட்டலாம். வைத்த காசு திரும்பாது.

போன சுற்றில் யார் காயை வெட்டினீர்களோ, அவரிடமே போய் இந்தச் சுற்றில் பேரம் பேச வேண்டியிருக்கும். அவர் என்ன விலை சொல்வார் என்று நீங்களே பாருங்கள்!