மடக்குக் கத்தியின் மெருகும் தரமும்

உழைப்பவனின் கையில் உள்ள கருவி நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது போலாகும். இவ்வுண்மையை இரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பால் வெட்டும் கத்தி சற்றே மழுங்கியிருந்தாலும் பட்டை பிய்கிறது; சற்றே ஆழமாகப் பாய்ந்தாலும் மரம் காயப்படுகிறது. ஆகவே, அக்கத்தியை நாள்தோறும் தீட்டுகிறோம். பிறர் கைக்கு அதனை எளிதில் கொடுப்பதுமில்லை. ஆனால், சட்டைப் பையில் இருக்கும் மடக்குக் கத்தியின் மீது நாம் அத்தகைய அக்கறை காட்டுகிறோமா என்பது சிந்திக்கத்தக்கது.

சிகாமட் வட்டாரத்தில் இரப்பர், செம்பனை, டுரியான் ஆகிய மூன்றும் பயிராகின்றன. இவற்றுள் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தாலும் மடக்குக் கத்திக்குப் பயன் உண்டு. கயிறு அறுக்கவும், உர மூட்டை பிரிக்கவும், நாற்றுமேடையில் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டவும் அது உதவுகிறது. இரும்புக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் பலவகை மடக்குக் கத்திகள் பல விலைகளில் விற்கப்படுகின்றன. எல்லாமே பளபளவென்று மின்னுகின்றன. அவற்றுள் நல்லது எது, பழுதுள்ளது எது என்று வாங்கும்போதே கண்டறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

ஒட்டுக் கட்டும் கத்தி

இரப்பர்க் கன்றுகளுக்கு மொட்டு ஒட்டுக் கட்டும் முறை, 1910ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் வான் ஹெல்டன் முதலியோரால் உருவாக்கப்பட்டது. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகம், அதிகப் பால் தரும் ஒட்டு இனங்களை நம் நாட்டில் வளர்த்துப் பரப்பியது. அக்கழகத்தின் பணி 1998 முதல் மலேசிய இரப்பர் வாரியத்தின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. இந்த ஒட்டு வேலைக்குப் பலரும் பயன்படுத்துவது மடக்குக் கத்தியே.

தாய்க் கன்றின் பட்டையில் சன்னல் போலக் கீறி, அதனைத் தூக்கி, நல்ல இனத்தின் மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுகிறோம். ஏறக்குறைய மூன்று வாரங்கள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது ஒட்டுப் பட்டை பசுமையாக இருந்தால் வெற்றி. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலம் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்தால்தான் ஒட்டு பிடிக்கும். கூர்மையான கத்தி அதனை நேராக அறுக்கும். மழுங்கிய கத்தியோ அதனை நசுக்கும். நசுங்கிய இடம் கறுத்து அழுகும். ஈரமும் பூஞ்சணமும் உள்ளே புகும். அன்று ஒருவர் கட்டிய ஒட்டுகளில் எத்தனை பிழைக்கும் என்பதை அவருடைய கைத்திறன் மட்டுமன்றிக் கத்தியின் வாயும் முடிவு செய்கிறது.

கத்தியின் உறுப்புகள்

மடக்குக் கத்தியில் முக்கிய உறுப்புகள் நான்கு. வெட்டும் அலகு முதலாவது. அலகு சுழலும் அச்சாணி இரண்டாவது. அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிக்கும் முதுகு வில் மூன்றாவது. இவற்றை இருபுறமும் அணைத்து நிற்கும் தகடுகளும் பிடியும் நான்காவது. இவை நான்கும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் கத்தி நெடுநாள் உழைக்கும்.

வில்லின் அழுத்தத்தால் மட்டும் திறந்து நிற்கும் கத்திக்குப் பூட்டு இல்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அலகின் முனையைக் குத்தி அழுத்தினால் அது திடீரென மடங்கி விரலின் மேல் விழக்கூடும். பிரான்சு நாட்டில் 1890ஆம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய எளிய மரப்பிடிக் கத்திக்கு, 1955ஆம் ஆண்டில் ஒரு சுழலும் வளையம் பூட்டாகச் சேர்க்கப்பட்டது. திறந்த கத்தி மடங்காமல் இருக்க அச்சிறு வளையமே போதுமானதாயிற்று. இத்தகைய பூட்டுள்ள கத்தி விரலுக்குப் பாதுகாப்பானது.

எஃகும் தோய்ச்சலும்

கத்தியின் உயிர் எஃகில் இருக்கிறது. எஃகின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. தமிழகத்தில் அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியின் கொல்லர்களும், இயந்திரங்கள் நிறைந்த பெருந்தொழிற்சாலைகளும் இவ்வொரு விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. கரிம எஃகைச் சுமார் 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கடினமாகும். ஆனால், கண்ணாடி போல உடையும் தன்மையும் பெறும். ஆகவே அதனை மீண்டும் சுமார் 200 பாகை வரை இளஞ்சூடாக்கிப் பதப்படுத்துகின்றனர். நல்ல மடக்குக் கத்திகளின் கடினம் ராக்வெல் என்னும் அளவையில் பெரும்பாலும் 55 முதல் 60 வரை இருக்கும். அதனினும் மென்மையானால் வாய் மடியும். மிகக் கடினமானால் வாய் உதிரும்.

தோய்ச்சல் சரியாக அமைந்த கத்தியும் சாணை பிடிக்கும்போது கெடுவதுண்டு. அவசரமாகச் சாணைச் சக்கரத்தில் அழுத்தினால் மெல்லிய வாய்ப்பகுதி அளவு மீறிச் சூடேறும். சூடேறும் எஃகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சளும், பின்னர்ப் பழுப்பும், சுமார் 300 பாகையில் நீலமும் படரும். புதிய கத்தியின் வாயோரத்தில் நீலத் திட்டு தெரிந்தால், அவ்விடத்தில் எஃகு பதம் இழந்துவிட்டது என்று பொருள். அது பலமுறை தீட்டப்பட்டு அப்பகுதி தேய்ந்த பின்னரே நன்றாக வெட்டும்.

துருப்பிடிக்காத எஃகைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி அதனை உருவாக்கினார். தொடக்கத்தில் அதில் செய்த கத்திகள் கூர்மை நிற்காதவை என்று கேலி செய்யப்பட்டன. ஏற்ற தோய்ச்சல் முறை கண்டறியப்பட்ட பின்னரே அக்குறை நீங்கியது. எஃகின் பெயர் மட்டும் தரத்தைத் தந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

மெருகு மறைக்கும் குறைகள்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல, சில உற்பத்தியாளர்கள் செய்நேர்த்தியின் குறையை மெருகால் மறைக்கின்றனர். கத்தியின் வெளிப்புறத்தைத் துணிச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவது எளிது. உள்ளே தகடுகளையும் வில்லையும் ஒப்புரவாக்குவதுதான் கடினம். அதற்கு நேரமும் கூலியும் ஆகும். மலிவான கத்தியில் முதலில் குறைக்கப்படுவது அந்த வேலையே. மெருகு ஏற்றிய பசையும் இரும்புத் துகளும் துடைக்கப்படாமல் மூட்டுக்குள் தங்கிவிடுவதும் உண்டு. அவை அச்சாணியைச் சிறுகச் சிறுகத் தேய்த்து, சில மாதங்களில் அலகை ஆட்டங்காணச் செய்கின்றன.

கடையிலேயே சோதிக்கலாம்

கீழ்க்காணும் சோதனைகளுக்கு ஐந்து நிமிடங்கள் போதும். கருவி எதுவும் வேண்டியதில்லை.

முதலாவதாக, கத்தியைத் திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அச்சாணி சரியாக அறையப்படவில்லை, அல்லது துளை பெரிதாகிவிட்டது. ஒட்டுக் கட்டும்போது கோடு நேராக வராது.

இரண்டாவதாக, கத்தியை மூடி மேலிருந்து நோக்குங்கள். அலகு இரு தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தகட்டை உரசினால் அலகில் கீறல் விழும், வாயும் மழுங்கும்.

மூன்றாவதாக, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அலகின் வாய்க்கும் வில்லுக்கும் இடையே வைத்துக் கத்தியை மெதுவாக மூடுங்கள். காகிதம் வெட்டுப்பட்டால், மூடும் ஒவ்வொரு முறையும் வாய் வில்லின் மேல் மோதுகிறது. எவ்வளவு தீட்டினாலும் அவ்விடம் மழுங்கிக்கொண்டே இருக்கும்.

நான்காவதாக, கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் தகடுகளுக்கும் இடையே ஒளி ஊடுருவினால் அங்கே இடைவெளி இருக்கிறது. தண்ணீரும் மண்ணும் அவ்வழியே புகுந்து துருவை உண்டாக்கும்.

ஐந்தாவதாக, வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கொளியில் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கு மின்னாது. மழுங்கிய இடமும் பிசிர் நிற்கும் இடமும் மட்டுமே வெள்ளைக் கோடாக மின்னும். வாய் வளைந்து நெளிந்திருக்கிறதா என்பதும் இப்போது தெரியும்.

ஆறாவதாக, திறக்கும்போதும் மூடும்போதும் வில் ஒரே சீராக அழுத்துகிறதா என்று கவனியுங்கள். தளர்ந்த வில் விரலுக்கு ஆபத்து. நகம் உடையும் அளவுக்கு இறுகிய வில்லும் ஆபத்தே. வழுக்கிய கை வாயின் மேல் விழும். இறுதியாக, பிடியை இறுகப் பற்றிப் பாருங்கள். துருத்திய ஆணியும் கூரான தகட்டோரமும் நாள் முழுதும் வேலை செய்யும் கையைப் புண்ணாக்கும்.

இக்குறைகளுள் மழுங்கிய வாய், பிசிர், மூட்டிலுள்ள அழுக்கு, பிடியின் சொரசொரப்பு ஆகியவற்றை நாமே தீட்டுக்கல்லாலும் உப்புத்தாளாலும் எண்ணெயாலும் சரிசெய்துகொள்ளலாம். ஆட்டம், கோணல், வில்லின் தளர்ச்சி, பதமற்ற எஃகு ஆகியவற்றை வீட்டில் திருத்துவது அரிது. அத்தகைய கத்தியை விலை மலிவு என்று வாங்குவது வீண் செலவாகும்.

பெயரைக் கண்டு மயங்கலாமா?

அலகின் மேல் பொறித்த ஊர்ப் பெயரும் முத்திரையும் சில வேளைகளில் போலியாக இருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பெயர் இவ்வாறு பலரால் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், 1938ஆம் ஆண்டிலேயே அதனைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. தயாரிப்பின் முக்கிய வேலைகள் அப்பகுதியிலேயே நடந்த பொருள்களுக்கு மட்டும் அப்பெயரை இட வேண்டும் என்று அங்கு விதி உள்ளது. ஆயினும் அந்நாட்டுச் சட்டம் ஒவ்வோர் ஊரின் சந்தைக்கும் வந்து காவல் நிற்காது. ஆகவே பெயரைப் படித்த பின்னரும் மேற்கூறிய சோதனைகளைச் செய்வதே அறிவுடைமை.

பேணும் முறை

நல்ல கத்தியும் கவனிப்பின்றிக் கெடும். பாலை உறையவைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் எஃகை அரிக்கும். பால் உறையாமல் காக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ பித்தளையைப் பதம்பார்க்கும். பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்புற்றன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே அதற்குக் காரணம் என்பது 1921ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. மடக்குக் கத்திகள் பலவற்றில் உள்தகடும் ஆணியும் பித்தளையே. ஆதலால் இவ்விரு மருந்துகளும் பட்ட கத்தியை உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

கழுவிய பின் கத்தியைத் திறந்தே உலரவிட்டு, மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட் கண்ட பெருவெள்ளத்தைப் போன்ற வேளைகளில் நீரில் மூழ்கிய கத்தியை, சேறு காய்வதற்கு முன்பே கழுவி எண்ணெயிடுவது நன்று. துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் இதில் அசட்டை கூடாது.

உரிமையும் கடமையும்

வாங்குபவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் அதன் பயனுக்கு ஏற்றதாகவும், தோற்றத்திலும் செய்நேர்த்தியிலும் ஏற்கத்தக்கதாகவும், சிறு குறைகளும் அற்றதாகவும், பாதுகாப்பானதாகவும், நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும். கடைக்காரர் முன்னதாகவே சுட்டிக்காட்டிய குறைக்கு இது பொருந்தாது. பழுதுள்ள பொருளுக்குக் கடைக்காரர் பரிகாரம் செய்ய மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், வாங்கியதற்கான ரசீது கையில் இருப்பது மிக நல்லது. இரவுச் சந்தையிலும் ரசீது கேட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்வோம்.

கடமையும் ஒன்று உண்டு. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை 1958ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்குகிறது. தோட்டத்தில் கருவியாக இருப்பது பட்டணத்தில் வேறு பொருள் கொள்ளப்படலாம். ஆகவே வேலை முடிந்ததும் கத்தியைப் பிற கருவிகளுடன் வைத்துவிட்டு, சிறுவர் கைக்கு எட்டாமல் காப்பது நம் பொறுப்பு.

மெருகு கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்கு அழகு. வாயும் மூட்டும் வில்லுமே உழைப்பவரின் கைக்கு உறுதி. பட்டையின் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக் கையாலேயே அளந்து பால் வெட்டும் நம் தொழிலாளர்களுக்கு, ஒரு சிறு கத்தியின் குறையைக் கண்டறிவது அரிய செயலன்று. அடுத்த முறை மடக்குக் கத்தி வாங்கும்போது அந்தக் கண்ணையும் கையையும் கடைக்கும் கொண்டு செல்வோமாக.