எத்தனை பேர் துரத்த வேண்டும்?

ஹில்ஸ்பரோவின் வரைபடத்தை விரியுங்கள். தெற்கே மனுக்கௌ துறைமுகம்; கடலை நோக்கிச் சரிந்து முட்டி நிற்கும் ஒழுங்கைகள். ஒருவன் ஓடுகிறான், துரத்துவோரும் அவனும் முறைவைத்து ஒவ்வொரு சந்தியாக நகர்கின்றனர். பிடிக்க எத்தனை பேர் வேண்டும்?

வளையமின்றிக் கிளைக்கும் ஒழுங்கைகளில் ஒருவரே போதும். நான்கு சந்திகள் கொண்ட ஒரு வளைய வீதியில் இருவர் வேண்டும். வியப்பானது 1984இல் ஐக்னரும் ஃபுரோம்மேயும் நிறுவியது: வீதிகள் சந்தியிலன்றி ஒன்றையொன்று வெட்டாத எந்த ஊருக்கும், எவ்வளவு பெரிதாயினும், மூவர் போதும். இரு சந்திகளுக்கிடையிலான மிகக் குறுகிய பாதையில் ஒருவர் தக்க இடத்தைப் பிடித்துவிட்டால், அதில் கால்வைப்பவன் மறுநகர்வில் அகப்படுவான். இருவர் இவ்வாறு வேலியாக நிற்க, மூன்றாமவர் உள்ளே புதுப்பாதை பிடித்து எல்லையைச் சுருக்குகிறார். (இருபதாம் இலக்க நெடுஞ்சாலையின் பாலங்கள் இவ்வுத்தரவாதத்தைக் கெடுக்கக்கூடும்.)

இதெல்லாம் ஓடுபவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்தால்தான். குகையில் வழிதவறியவரைத் தேடும் சிக்கலிலிருந்து 1976இல் பார்சன்ஸ் எழுப்பிய கணக்கில் அவன் கண்ணுக்குத் தெரியான், எவ்வேகத்திலும் ஓடுவான். அப்போது, ஒருவரே போதுமென்ற அதே கிளை ஒழுங்கைகளில், கிளைகள் பெருகப் பெருகத் தேடுவோரின் தொகைக்கு மேல்வரம்பே இல்லை.

நம்மூர்ச் சுற்றிவளைப்புகளில் அத்தனை படையினரும், போதாதற்கு முகம் மூடிய ஒரு தலையாட்டியும் ஏன் தேவைப்பட்டனர் என்பதை நான் இந்த இரண்டாம் கணக்கோடு சேர்த்தே வாசிக்கிறேன்.