பழைய மருந்து, ஒரே ஒரு டோஸ்

2022 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த அந்த ஆய்வில் புது மருந்து ஒன்றுகூட இல்லை. ஆம்போடெரிசின் 1950களில் கண்டுபிடிக்கப்பட்டது. புளூசைட்டோசின் 1957இல் புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டு, அதற்கு உதவாமல் போய், பூஞ்சையைக் கொல்லும் என்று பின்னால் தெரியவந்தது. புளுகோனசோல் 1980களின் சரக்கு. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் இந்த மூன்றையும் வேறு கணக்கில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் உலக சுகாதார நிறுவனம் தன் சிகிச்சை வழிகாட்டியையே மாற்றிவிட்டது.

நோயின் பெயர் கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி. காரணம் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சை. புறா எச்சம், மண், மட்கிய மரம் என எங்கும் இருக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். நம்மில் பலர் எப்போதோ அதைச் சுவாசித்திருப்போம். உடல் சத்தமில்லாமல் அதை அடக்கி வைத்திருக்கும். எச்.ஐ.வி. முற்றி, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சிடி4 என்னும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நூறுக்கும் கீழே இறங்கியவர்களிடம் அந்தக் காவல் தளர்கிறது. பூஞ்சை இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வருவதுண்டு.

முதலில் தலைவலி மட்டும்தான். நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் நீடிக்கும். மலேரியா என்றும் டைபாய்டு என்றும் வைத்தியம் நடக்கும். வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு வாந்தி, இரட்டைப் பார்வை, பேச்சில் குழப்பம். பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும்போது பலருக்குத் தன் பெயரே தடுமாறும். 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இந்த நோய் வருகிறது. 1,12,000 பேர் இறக்கிறார்கள். எய்ட்ஸ் தொடர்பான இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இது. பெரும்பகுதி சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் நிகழ்கிறது.

வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுக்கப்பட்டது ஆம்போடெரிசின். பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்றொரு கொழுப்பு உண்டு. மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. ஓட்டை விழுந்த குடம்போல உள்ளிருக்கும் உப்புகள் ஒழுகி, பூஞ்சை சாகிறது. மனித செல்லில் எர்கோஸ்டெராலுக்குப் பதில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. இரண்டும் உறவுக்காரக் கொழுப்புகள் என்பதால் மருந்து நம் செல்களையும் விட்டுவைப்பதில்லை. அடி முதலில் சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. கிரியாட்டினின் ஏறும், பொட்டாசியம் இறங்கும், இரத்தசோகை வரும், ஊசி ஏறும்போதே குளிர் தூக்கிப்போடும், கையில் நரம்பு வீங்கும்.

இதை இரண்டு வாரம் தினமும் ட்ரிப்பில் ஏற்ற வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் விதியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் சலைன், பிறகு மணிக்கணக்கில் மருந்து, வாரத்தில் பலமுறை இரத்தப் பரிசோதனை. ஒரு வார்டுக்கு இரவில் ஒரே ஒரு செவிலியர், பரிசோதனைக்கூடம் வெள்ளிக்கிழமை மாலையோடு மூடிவிடும் என்கிற இடத்தில் இதை நடத்திப் பாருங்கள். மருந்து நோயைக் குணப்படுத்துமா என்ற கேள்விக்கு முன்னால், அந்த மருந்தை அங்கே பாதுகாப்பாகக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி நிற்கிறது.

முடியாத இடங்களில் புளுகோனசோல் வந்து உட்கார்ந்தது. வாயில் போட்டுக்கொள்ளும் மருந்து, பக்கவிளைவு குறைவு. அதுவும் எளிதில் வந்துவிடவில்லை. காப்புரிமை ஃபைசர் நிறுவனத்திடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த மருந்து எட்டாமலே 2000ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் மொராகா என்ற எய்ட்ஸ் செயற்பாட்டாளர் இறந்தார். அவர் பெயரால் 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' என்ற அமைப்பு ஒரு சட்ட மறுப்புப் போராட்டத்தை அறிவித்தது. அதன் தலைவர் ஜாக்கி அக்மத், பல மடங்கு மலிவான பொதுப்பெயர் புளுகோனசோலைத் தாய்லாந்தில் வாங்கி, பகிரங்கமாகவே நாட்டுக்குள் கொண்டுவந்தார். நெருக்கடி முற்ற, ஃபைசர் தன் மருந்தை அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது.

வென்ற போராட்டம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் அதன் பின்கதை கசப்பானது. மூளையுறை அழற்சிக்குப் புளுகோனசோல் தனியாகப் போதாத மருந்து. அது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்குமே தவிர, வேகமாகக் கொல்லாது. அதை மட்டும் கொடுத்தால் பத்து வாரத்துக்குள் பாதி நோயாளிகளோ அதற்கு மேலோ இறந்துபோவது ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. இலவசமாகக் கிடைத்த மருந்து, போதுமான மருந்தாகவும் எண்ணப்பட்டுவிட்டது. புளூசைட்டோசினோ அக்கண்டத்தின் பெரும்பாலான நாடுகளில் பதிவுகூடச் செய்யப்படவில்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன ஒரு மாத்திரை அது. வாங்க ஆளில்லை என்று கம்பெனிகள் தயாரிக்கவில்லை. தயாரிப்பவர் இல்லை என்று அரசுகள் கேட்கவில்லை.

அந்த மாத்திரையின் மதிப்பை முதலில் ஐயமறக் காட்டியது வியட்நாம். ஹோ சி மின் நகரில் 299 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஆம்போடெரிசினோடு புளூசைட்டோசின் சேர்த்தவர்களில் 70 நாளுக்குள் இறந்தவர்கள் 30 பேர். ஆம்போடெரிசின் மட்டும், அதுவும் இரு மடங்கு காலம், பெற்றவர்களில் 44 பேர். அடுத்து மலாவி, சாம்பியா, தான்சானியா, கேமரூன் நாடுகளில் நடந்த ஆக்டா ஆய்வு 2018இல் இன்னொரு வழக்கத்தை உடைத்தது. ஆம்போடெரிசினை ஒரே வாரத்தோடு நிறுத்தி, புளூசைட்டோசினும் சேர்த்தால் பத்து வார இறப்பு 24 விழுக்காடு. மருந்தைப் பாதியாகக் குறைத்ததில் நோயாளிகள் மேலும் நன்றாகவே இருந்தார்கள். ஊசியே இல்லாமல் புளுகோனசோலும் புளூசைட்டோசினும் மாத்திரையாகக் கொடுத்தபோது இறப்பு 35 விழுக்காடு. ட்ரிப் போட வசதியற்ற சிற்றூர் மருத்துவமனைக்கு இதுவே பெரிய முன்னேற்றம்.

ஒரு வாரம் என்பதையும் குறைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கான முன்னுதாரணம் இந்தியாவில், பீகாரில் இருந்தது. அங்கே முஸாஃபர்பூரில் ஷ்யாம் சுந்தரும் அவருடைய குழுவினரும் கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் நோய்க்கு, கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த ஆம்போடெரிசினை ஒரே ஒரு முறை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் 15 முறை ஊசி ஏற்றும் பழைய முறைக்கு இது நிகராக நின்றது. ஆறு மாதத்தில் குணம் 95.7 விழுக்காடு, பழைய முறையில் 96.3. ஆண்டு 2010.

கொழுப்புக் குமிழிக்குள் வைத்த மருந்து, லைபோசோமல் ஆம்போடெரிசின், சிறுநீரகத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. அதனால் ஒரே தடவையில் நிறையக் கொடுக்கலாம். மூளைத் திசுவில் நாள் கணக்கில் தங்குவதாக விலங்குச் சோதனைகள் காட்டியிருந்தன. தான்சானியாவிலும் போட்ஸ்வானாவிலும் 80 நோயாளிகளிடம் முதலில் சிறிய அளவில் பார்த்தார்கள். ஒரே டோஸ் பெற்றவர்களின் தண்டுவட நீரிலிருந்து பூஞ்சை மறைந்த வேகம், 14 நாள் தினமும் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. அதன் பிறகே, தொடக்கத்தில் சொன்ன பெரிய ஆய்வு, ஆம்பிஷன் என்ற பெயரில் ஜோ ஜார்விஸ் தலைமையில் தொடங்கியது.

அதில் 814 பேரின் கணக்கு ஆராயப்பட்டது. ஒரு பாதிக்கு ஒரே டோஸ் லைபோசோமல் ஆம்போடெரிசின், கூடவே இரண்டு வாரம் புளூசைட்டோசினும் புளுகோனசோலும். மறுபாதிக்கு ஆக்டா ஆய்வில் தேறிய ஒரு வார முறை. பத்து வார முடிவில் ஒரே டோஸ் பிரிவில் 101 பேர் இறந்திருந்தார்கள், 24.8 விழுக்காடு. மற்றதில் 117 பேர், 28.7 விழுக்காடு.

இந்த எண்களை வைத்துக்கொண்டு புதிய முறை 'மேலானது' என்று ஆய்வாளர்கள் அறிவிக்கவில்லை. அவர்கள் நிரூபிக்கப் புறப்பட்டது 'பழையதைவிடக் கணிசமாக மோசமில்லை' என்பதை மட்டும். அதற்கு 10 விழுக்காட்டுப் புள்ளி என்ற எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டார்கள். கேட்பதற்கு என்னவோ சுரத்தில்லாத இலக்காகத்தான் இருக்கிறது. புது மருந்துக் கம்பெனிகள் இந்த வகைச் சோதனையைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. அதனால் இப்படியொரு முடிவைக் கண்டால் நான் முதலில் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இங்கே நிலைமை வேறு. உயிர் காப்பதில் சமமாக இருந்தாலே போதும், மற்ற எல்லாவற்றிலும் புதிய முறை முந்திவிடும். தீவிரப் பக்கவிளைவு கண்டவர்கள் 62 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைந்தார்கள். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் மற்றப் பிரிவில் இருந்ததில் பாதிக்கும் கீழ். செவிலியர் ஏழு நாள் பார்த்த வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆளில்லாத வார்டில் இந்த வேறுபாடு எந்த விழுக்காட்டுக்கும் குறைந்ததில்லை.

எனினும் நான்கில் ஒருவர் இறக்கிறார். அதுவும் நல்ல மருந்தும், ஓயாத கவனிப்பும், ஆய்வு மருத்துவர்களும் உள்ள இடத்தில். காரணங்களில் ஒன்று மண்டைக்குள் ஏறும் அழுத்தம். பூஞ்சையும் அதன் கூழ் போன்ற உறையிலிருந்து கழன்ற சர்க்கரைப் பொருளும் தண்டுவட நீர் வடியும் வழிகளை அடைத்துவிடுகின்றன. பார்வை போவதும் உயிர் போவதும் இதனால்தான். முதுகில் ஊசி குத்தி, அளந்து, நீரை வடிக்க வேண்டும். ஒரு முறை போதாமல் அடுத்தடுத்தும். அந்த ஊசியால்தான் ஆள் செத்தார் என்ற நம்பிக்கை ஆப்பிரிக்க வார்டுகளில் ஆழமாக இருக்கிறது. நம் ஊரிலும் முதுகில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றால் உறவினர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். முற்றிய நிலையில், கடைசி முயற்சியாக மட்டும் அந்த ஊசியைப் போட்டுவந்தால் அப்படித்தான் நினைப்பார்கள்.

எச்.ஐ.வி. மருந்தை எப்போது தொடங்குவது என்பதும் சிக்கல். சீக்கிரம் தொடங்குவதுதானே நல்லது என்று தோன்றும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் நேர்மாறாக இருந்தது: ஓரிரு வாரத்தில் தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் 45 விழுக்காடு இறந்தார்கள், ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 விழுக்காடு. எதிர்ப்புச் சக்தி திடீரென மீளும்போது அது மூளையில் கிளப்பும் அழற்சியே ஆபத்தாகிவிடுகிறது. மூளை வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மற்ற மூளைக்காய்ச்சல்களுக்குக் கை கொடுக்கும் அந்த ஸ்டீராய்டு இங்கே கெடுதல் செய்தது.

நோயை மூளைக்குப் போகும் முன்பே பிடிக்கவும் வழி இருக்கிறது. பூஞ்சையின் உறைப்பொருள், தலைவலி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே இரத்தத்தில் தென்படும். விரல் குத்தி ஒரு பட்டையில் சொட்டு இரத்தம் விட்டால் பத்து நிமிடத்தில் கோடு விழும். யாருக்கு இந்தப் பரிசோதனை தேவை என்று அறிய சிடி4 எண்ணிக்கை தெரிய வேண்டும். எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே எல்லோருக்கும் மருந்து என்ற கொள்கை 2015இல் வந்த பிறகு, சிடி4 பார்ப்பது பல நாடுகளில் குறைந்துபோனது. ஆம்பிஷன் ஆய்வுக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள். இடையில் விட்டுவிட்டவர்களும் மருந்து பலிக்காமல் போனவர்களும் எந்தப் பட்டியலிலும் தெரிவதில்லை.

இனி விலை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு லைபோசோமல் ஆம்போடெரிசின் அறிமுகமான பெயர். 2021 கோடையில் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, உறவினர்கள் கடை கடையாகத் தேடி அலைந்தது இந்தக் குப்பிக்காகத்தான். கிலியட் நிறுவனம் 2018இல், கிரிப்டோகாக்கஸ் நோய்க்கு மட்டும் 116 நாடுகளில் குப்பி 16.25 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் 12 வேண்டும். கிட்டத்தட்ட 195 டாலர். அறிவித்தபடி மருந்து வந்து சேரவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பின்னால் குறை கூறியது. அறிவிப்பு ஒன்று, கொள்முதல் உத்தரவு இன்னொன்று.

புளூசைட்டோசினுக்குத் தொல்லை வேறு விதம். 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை பத்து, நான்கு வேளையாகப் பிரித்து. நள்ளிரவில் ஒரு வேளை விழும். நினைவிழந்தவருக்கு மூக்குக் குழாய் வழியாகக் கரைத்து விட வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவின் தலையிலோ அக்காவின் தலையிலோதான் விழுகிறது. மெதுவாகக் கரையும், இரண்டு வேளை மட்டும் கொடுத்தால் போதுமான மாத்திரையை டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கற்ற ஆய்வு அமைப்பு உருவாக்கிக்கொண்டிருக்கிறது. வாய்வழியே கொடுக்கும் ஆம்போடெரிசினை உகாண்டாவில் சிறு அளவில் சோதித்தார்கள்; முடிவுகள் 2023இல் வெளியாகின. இரண்டும் தேறினால், ட்ரிப் ஸ்டாண்டே இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையிலும் இந்த வைத்தியத்தைத் தொடங்கிவிடலாம்.