பெருந்தரவுப் பயிற்சி: கணக்கில் வருவது சான்றிதழ், வராதது வேலை

புதுதில்லி: கிழக்கு தில்லியின் லட்சுமி நகர் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வருபவர் கண்ணில் முதலில் படுபவை பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தட்டிகள்தாம். பட்டயக் கணக்காளர் தேர்வு, வங்கித் தேர்வு, பணியாளர் தேர்வாணையத் தேர்வு ஆகியவற்றுக்கான பலகைகளின் நடுவே, கணினி மென்பொருள் பயிற்சிக்கான பலகைகளும் இடம்பிடித்திருக்கின்றன. நொய்டாவிலும், ஹைதராபாதின் அமீர்பேட்டையிலும் இதே காட்சியைக் காணலாம். ஒரு காலத்தில் கோபோல், பின்னர் ஜாவா, எஸ்ஏபி என்று மாறிவந்த அந்தப் பலகைகளில், கடந்த பத்தாண்டுகளில் ஹடூப், ஸ்பார்க் என்ற பெயர்கள் ஏறின. இப்போது அவற்றின் மேலே செயற்கை நுண்ணறிவு என்ற புதிய தட்டி தொங்குகிறது.

பெயர்கள் மாறினாலும் வாக்குறுதி மாறுவதில்லை. மூன்று அல்லது ஆறு மாதப் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ், அதன்பின் வேலை. இந்த வாக்குறுதியை நம்பி நகை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பணம் கட்டும் குடும்பங்கள் நாடெங்கும் உள்ளன. அந்தச் சான்றிதழின் மதிப்பு என்ன, அதை யார் உறுதி செய்கிறார்கள் என்ற கேள்விக்குத் தலைநகரில் இன்னும் தெளிவான விடை இல்லை.

வாக்கு எண்ணும் மையத்தில் ஒரு பாடம்

பிக் டேட்டா என்று சொல்லப்படும் பெருந்தரவு என்பது, ஒரே கணினியில் அடக்கவோ கணக்கிடவோ முடியாத அளவுக்குக் குவியும் தகவல். அதைக் கையாளும் முறையைப் புரிந்துகொள்ள, நமது வாக்கு எண்ணும் மையங்களை நினைத்துப் பார்த்தால் போதும். 2024 மக்களவைத் தேர்தலில் 64 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தனர். அத்தனை வாக்குகளையும் ஒரே மேஜையில் எண்ணியிருந்தால் அடுத்த தேர்தலே வந்துவிடும். ஒவ்வொரு சட்டப்பேரவைப் பகுதிக்கும் வழக்கமாக 14 மேஜைகள் போடப்படுகின்றன. ஒவ்வொரு மேஜையும் தன்னிடம் வந்த இயந்திரத்தின் கணக்கை மட்டும் எடுக்கிறது. சுற்று முடிந்ததும் தேர்தல் அதிகாரி அவற்றைக் கூட்டி அறிவிக்கிறார்.

கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2004-இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் என்ற ஆய்வுக் கட்டுரை இதே முறையைத்தான் கணினிகளுக்கு வகுத்துத் தந்தது. வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது முதற்படி. விடைகளைத் தொகுப்பது அடுத்த படி. இக்கட்டுரையையும், தகவலைப் பல கணினிகளில் பகிர்ந்து சேமிப்பது குறித்து 2003-இல் வந்த மற்றொரு கட்டுரையையும் அடிப்படையாகக் கொண்டு, டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகிய இருவர் உருவாக்கிய மென்பொருளே ஹடூப். டக் கட்டிங்கின் மகன் வைத்திருந்த யானை பொம்மையின் பெயர் அது. ஒரு கணினி பழுதானாலும் தகவல் அழியாதிருக்க, ஒவ்வொரு பகுதியையும் மூன்று பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் வைப்பது ஹடூப்பின் வழக்கம்.

ஹடூப்பின் குறை வேகம். ஒவ்வொரு படி முடிந்ததும் அது விடையை வட்டில் எழுதிவிட்டு மீண்டும் படிக்கும். இடைநிலை விடைகளை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு இந்தத் தாமதத்தைக் குறைத்தது ஸ்பார்க். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2009-இல் மதேய் ஜஹரியா தொடங்கிய ஆய்வில் பிறந்தது இது. 100 டெராபைட் தகவலை வரிசைப்படுத்த, 2013-இல் ஹடூப்புக்கு 2,100 கணினிகளும் 72 நிமிடங்களும் தேவைப்பட்டன. மறு ஆண்டே 206 கணினிகளைக் கொண்டு 23 நிமிடங்களில் ஸ்பார்க் அதைச் செய்து முடித்தது.

இவ்விரு மென்பொருள்களும் திறந்த மூல நிரல்கள். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். மென்பொருள் இலவசம், அது தெரியும் என்று சொல்லும் காகிதத்துக்குத்தான் விலை.

அரசே பெரிய பயனாளி

இது தனியார் நிறுவனங்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆதார் திட்டம் ஹடூப் உள்ளிட்ட திறந்த மூல மென்பொருள்களின்மீது கட்டப்பட்டது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. அதற்குப் பின் புதிதாகப் பதிவு செய்வோரிடம் எடுக்கப்படும் விரல் ரேகையும் கருவிழிப் பதிவும், ஏற்கெனவே பதிவானவற்றுடன் ஒப்பிடப்படுகின்றன. ஒருவருக்கு இரு எண்கள் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. கோடிக்கணக்கான பதிவுகளுக்கிடையே இதைச் செய்யப் பெருந்தரவு முறையைத் தவிர வேறு வழி இல்லை.

2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் கணினி வலையமைப்பு, வருமான வரித் துறையின் பகுப்பாய்வுத் திட்டம் எனப் பட்டியல் நீள்கிறது. யுபிஐ மூலம் நடைபெறும் பணப் பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி என்ற எண்ணிக்கையைத் தாண்டின. இவற்றின் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் திறமையானவர்களா, பொறுப்பானவர்களா என்பது குடிமக்கள் ஒவ்வொருவரையும் தொடும் விஷயம்.

நிறுவனம் போனால் சான்றிதழும் போகும்

சான்றிதழ்களில் இரு வகை உண்டு. மென்பொருள் நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகள் ஒருவகை. கல்வி நிலையங்கள் வழங்குபவை மற்றொரு வகை.

முதல் வகையின் வரலாறு எச்சரிக்கை தருவதாக உள்ளது. ஹடூப்பை வணிகமாக்கிய அமெரிக்க நிறுவனங்களில் மூன்று முதன்மையானவை: கிளவுடெரா, ஹார்ட்டன்வொர்க்ஸ், மேப்ஆர். மூன்றும் தனித்தனியே தேர்வு நடத்தின. கிளவுடெராவின் ஒரு தேர்வில், தேர்வர் இரண்டு மணி நேரத்தில் உண்மையான கணினித் தொகுப்பில் நிரல் எழுதி விடை காண வேண்டும். கட்டணம் 295 டாலர். மனப்பாடம் செய்து தேற முடியாத அத்தேர்வுக்கு வேலைச் சந்தையில் மரியாதை இருந்தது.

2019 ஜனவரியில் ஹார்ட்டன்வொர்க்ஸ், கிளவுடெராவுடன் இணைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேப்ஆரின் வணிகத்தை எச்பிஇ நிறுவனம் வாங்கியது. கிளவுடெராவும் 2021-இல் முதலீட்டு நிறுவனங்களின் கைக்கு மாறியது. பழைய தேர்வுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் பெரும் செலவில் பெற்ற சான்றிதழ்கள் பலவற்றில் இன்று அச்சிட்ட பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இப்போது வழக்கில் உள்ளவை, ஸ்பார்க்கை உருவாக்கியவர்கள் 2013-இல் தொடங்கிய டேட்டாபிரிக்ஸ் நிறுவனத்தின் தேர்வுகளும், கூகுள் போன்ற நிறுவனங்களின் மேகக் கணினித் தேர்வுகளும் ஆகும். இவற்றுள் பலவற்றுக்குக் கட்டணம் 200 டாலர். வரியையும் சேர்த்தால் 20 ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். சான்றிதழ் இரண்டு ஆண்டுகளே செல்லும். அதன்பின் மீண்டும் தேர்வு, மீண்டும் கட்டணம். நிறுவனமே செலவை ஏற்கும் பணியாளருக்கு இது சுமையல்ல. வேலை தேடும் பட்டதாரிக்கு இது பெரிய தொகை. பெரும்பாலான தேர்வுகள் கொடுத்த விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடப்பதால், வினாக்களைத் திரட்டி விற்கும் ஒரு தனி வாணிபமே வளர்ந்துவிட்டது. இதை அறிந்த நிறுவனங்கள், சான்றிதழைப் பார்த்தபின்னும் நேர்காணலில் நிரல் எழுதச் சொல்கின்றன.

குறைந்த செலவில் ஒரு பாதை

இரண்டாவது வகையில் அரசு நிறுவனங்கள் பின்தங்கிவிடவில்லை. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003-இல் தொடங்கிய என்பிடிஇஎல் திட்டத்தில், பெருந்தரவுக் கணிமை குறித்த எட்டு வாரப் பாடத்தை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சுமார் ஆயிரம் ரூபாய் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்திலும் இப்பாடங்கள் உள்ளன. கல்லூரிப் படிப்பின் மொத்த மதிப்பலகுகளில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் பெற 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிவகுத்தது.

சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு மற்றொரு வாய்ப்பு. இதற்கு ஜேஇஇ தேர்வு தேவையில்லை. தகுதித் தேர்வில் தேறினால் போதும். இடையில் நிறுத்துவோருக்கும் அதுவரை முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. முழுநேரம் படிக்க இயன்றோருக்கு, சி-டாக் நிறுவனம் நுழைவுத் தேர்வின் மூலம் ஆறு மாத முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. ஆனால் அதற்கு ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் செலவாகிறது.

லட்சுமி நகரில் தட்டி பார்த்துப் பணம் கட்டும் இளைஞர்களுக்கு இவ்வாய்ப்புகள் போய்ச் சேர்வதில்லை என்பதே குறை. பயிற்சி நிலையம் தெருமுனையில் நின்று அழைக்கிறது. அரசின் பாடம் இணையத்தில் காத்திருக்கிறது.

நாடாளுமன்றத்தில் கேட்காத கேள்வி

திறன் பயிற்சி குறித்து நாடாளுமன்றத்தில் கூட்டத்தொடர்தோறும் கேள்விகள் எழுகின்றன. எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை பேருக்குச் சான்றிதழ் தரப்பட்டது என்று மாநிலவாரியாகப் பட்டியல் இணைத்து அமைச்சகம் விடையளிக்கிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற இடத்தில் மட்டும் விடை சுருங்கிவிடுகிறது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில், குறுகியகாலப் பயிற்சி பெற்றோருக்கு வேலை கிடைத்ததா என்ற விவரம் திரட்டப்பட்டது. சான்றிதழ் பெற்றோரில் பாதிக்கும் குறைவானவர்களே வேலையில் அமர்ந்ததாக அது காட்டியது. நான்காம் கட்டத்தில் பயிற்சி பெற்றவர் தமக்கேற்ற பாதையைத் தேர்ந்துகொள்ள உதவுவதே நோக்கம் எனக் கூறி, அந்தக் கணக்கெடுப்பே விடப்பட்டது.

இத்திட்டம் குறித்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினரின் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருந்ததை அது சுட்டிக்காட்டியது. ஒன்று என்ற இலக்கமே திரும்பத் திரும்ப எழுதப்பட்ட கணக்கு எண்களும் அதில் இருந்தன. பெருந்தரவு வகுப்பில் முதல் வாரம் கற்பிக்கப்படுவது, வந்த தகவலில் வெறுமையையும் பொய்யையும் பிரித்தெடுப்பதுதான். நாட்டுக்குத் திறன் கற்பிக்கும் திட்டத்தின் பதிவேட்டில் அந்த முதல் பாடம் கடைப்பிடிக்கப்படவில்லை.

தனியார் பயிற்சி நிலையங்களைப் பொருத்தவரை, தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்ச்சி உறுதி, வேலை உறுதி போன்ற பொய்யான வாக்குறுதிகளை அவை தடுக்கின்றன. வெற்றி பெற்றவரின் படத்தை அவரது எழுத்துபூர்வ ஒப்புதலின்றி வெளியிடுவதையும் தடுக்கின்றன. ஆயினும் இதுவரை பெரிதும் கண்காணிப்புக்கு உள்ளானவை ஆட்சிப் பணி, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி நிலையங்கள்தாம். மென்பொருள் பயிற்சியின் பக்கம் பார்வை போதுமான அளவு திரும்பவில்லை.

பாடத்தில் இல்லாத சட்டம்

இன்னொரு குறையும் உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. மென்பொருள் நிறுவனங்களின் தேர்வுகளோ பெரிதும் நிரலையும் வேகத்தையுமே சோதிக்கின்றன. யாருடைய தகவல், அவர் ஒப்புதல் தந்தாரா, வேலை முடிந்தபின் அதை அழிக்க வேண்டுமா என்ற கேள்விகளை ஒருமுறையேனும் எதிர்கொள்ளாமலே ஒருவர் சான்றிதழ் பெற்றுவிடலாம். நாட்டு மக்களின் விவரங்களைக் கையாளப் போகிறவருக்கு இது போதாது.

பணம் கட்டுமுன்

கற்க விரும்பும் இளைஞர்களுக்குத் துறையில் இருப்போர் கூறும் வரிசை எளியது. முதலில் எஸ்க்யூஎல், பைத்தான், லினக்ஸ் ஆகிய மூன்றையும் நன்கு பழக வேண்டும். பின்னர் ஹடூப்பின் அடிப்படையை அறிந்துகொண்டு, ஸ்பார்க்கில் கைப்பழக்கம் பெற வேண்டும். 2012 முதல் இயங்கும் மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில், வேளாண் சந்தைகளின் அன்றாட விலை நிலவரம் கிடைக்கிறது. அதை எடுத்து, எந்த மாவட்டத்தில் எந்த மாதம் வெங்காய விலை சரிகிறது என்று ஒரு திட்டப்பணி செய்து காட்டினால், நேர்காணலில் அது பேசும். சான்றிதழ் தேர்வைக் கடைசியில் எழுதலாம். அதுவும் விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் அதைக் கேட்கின்றனவா என்று விசாரித்த பின்னர்.

பயிற்சி நிலையத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளும் சிலவே. சென்ற அணியில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் எந்த வேலையில் இருக்கிறார்கள், அவர்களுடன் பேச முடியுமா, பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை எழுத்தில் உண்டா என்பவை அவை.

இதே கேள்விகளை மக்கள் பிரதிநிதிகள் அரசிடமும் கேட்கலாம். வாக்கு எண்ணும் மையத்தில் மேஜைகளின் எண்ணிக்கையை அறிவித்துவிட்டு முடிவை அறிவிக்காமல் எந்த அதிகாரியும் எழுந்து போக முடியாது. திறன் பயிற்சியில் மட்டும் சான்றிதழ்களின் எண்ணிக்கையோடு கணக்கு முடிகிறது. வேலை பெற்றோர் விவரத்தை மீண்டும் திரட்டி அவையில் வைக்கும்படி, தொழிலாளர், ஜவுளி மற்றும் திறன் மேம்பாட்டுக்கான நிலைக்குழு வலியுறுத்த வேண்டும். கடன் வாங்கிப் பணம் கட்டிய பெற்றோர் எதிர்பார்ப்பது அந்த ஒரு விவரத்தைத்தான்.