கடல் தாண்டி வந்த பியானோ

பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் என்றதும் அவருடைய விரல் வேகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வாசிப்பில் பெர்லின் கிறுகிறுத்துக் கிடந்த அதே 1842-இல் சென்னையில் மிஸ்குவித் குடும்பத்தின் இசைக்கருவிக் கடை, இன்றைய மியூசி மியூசிகல், தொடங்கியது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. தள்ளி நின்ற கப்பலிலிருந்து மசூலா படகுகள்தான் சரக்கைக் கரை சேர்த்தன. ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாது, வளைந்துகொடுக்கும். பியானோவும் ராயபுரத்தை அடுத்த அந்தக் கரையில் இப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும்.

லிஸ்டின் பெரிய கொடை வேகம் அல்ல என்பேன். பீத்தோவனின் 9 சிம்பொனிகளையும் ஒற்றைப் பியானோவுக்கு அவர் எழுதித் தந்தார். ஆர்க்கெஸ்ட்ரா இல்லாத ஊருக்கும் அந்த இசை எட்ட வழி பிறந்தது. 1847-இல், 35 வயதில், காசுக்கு வாசிக்கும் பயணங்களை நிறுத்தினார். பிறகு வைமரில் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். சரி, சென்னையில் இறங்கிய அந்த வெள்ளைக்காரர் வீட்டுப் பியானோவால், கரையில் மூட்டை தூக்கிய வடசென்னைக்காரருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அன்று பயன் ஏதுமில்லை. ஆனால் அந்த இசை அங்கேயே முடங்கவில்லை. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் இளையராஜாவுக்கு மேற்கத்திய இசையைக் கற்றுத் தந்தார். அது சினிமாப் பாட்டாகி எண்ணூர், திருவொற்றியூர் டீக்கடைகள் வரை வந்தது. இது லிஸ்டிடமிருந்து நேராக வந்த குருபரம்பரை அல்ல. ஆனால் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவையே பியானோவில் அடக்கிக் காட்ட முடியும் என்று நிரூபித்தவர் அவர்.